இல்லை அல்ல, காணோம்

என் பழைய நோட்டில் ஒரு வரி இருக்கிறது. "நான்காம் நாள். 700 மெகாஹெர்ட்ஸ். ரேடியோ பின்னொளிர்வு இல்லை." அதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு. ஒன்பதாம் நாள் என்று போட்டு அதே வாக்கியம் இன்னொரு முறை, இன்னொரு கோடு. அதோடு அந்த வெடிப்பின் கதை நோட்டில் முடிந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தில் வேறு வேலை. எழுதியபோது எனக்கு அது சாதாரண வரி. விண்மீன்கள் வெடிக்கும்போதோ மோதும்போதோ பாய்கிற காமாக் கதிர் வெடிப்புகளுக்குப் பின்னால் ரேடியோவில் எதாவது மிச்சம், அதாவது பின்னொளிர்வு, இருக்கிறதா என்று தேடுகிற எல்லோருடைய நோட்டிலும் இந்த வரிதான் அதிகம் இருக்கும். ஆனாலும் இந்த ஒன்று மட்டும் பல வருடமாக என்னை விடவில்லை. அதில் ஒரு சொல் தப்பு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

அன்று நடந்தது இதுதான். செயற்கைக்கோள் ஒன்று வெடிப்பைப் பிடித்துச் சில நிமிடங்களில் இடத்தைச் சொல்லிவிட்டது. எக்ஸ் கதிரில் பின்னொளிர்வு தெரிந்ததால் இடம் சில வில்நொடிக்குள் அடங்கியது (ஒரு வில்நொடி ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு). ரேடியோ தொலைநோக்கியில் அவசர நேரம் கேட்டு எழுதினோம். நான்காம் நாள் சில மணி நேரம் கிடைத்தது. ரேடியோ டேட்டா கைக்கு வரும்போது படமாக வராது. ஒவ்வொரு ஜோடி ஆன்டெனாவுக்கும் ஒரு நீண்ட எண் வரிசையாக வரும். முதல் வேலை குப்பை பொறுக்குவது. மொபைல் கோபுரம், விமானம், செயற்கைக்கோள் என்று மனிதர்கள் அனுப்புகிற எல்லா அலையும் அதில் கலந்திருக்கும். நேரத்தையும் அதிர்வெண்ணையும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுப் பார்த்தால் அவை வெள்ளை வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒவ்வொன்றாக வெட்டி எறிய வேண்டும். அப்புறம் நன்றாகத் தெரிந்த ஒரு பிரகாசமான மூலத்தை வைத்து அளவுகோலைச் சரிசெய்ய வேண்டும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு மூலத்தை வைத்து, நம் வளிமண்டலம் அலைகளை எவ்வளவு முன்னே பின்னே தள்ளியது என்று திருத்த வேண்டும். இதற்கே இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். கடைசியில்தான் படம்.

படம் திரையில் வந்ததும் நான் செய்கிற முதல் காரியம், எக்ஸ் கதிர் சொன்ன இடத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவது. சுற்றிலும் யாருக்கும் தெரியாத நூற்றுக்கணக்கான பால்வெளிகள் புள்ளி புள்ளியாகப் பளிச்சிடும். அவற்றுக்கு நடுவே, ஈர மணலை முகத்தருகே வைத்துப் பார்த்த மாதிரி, சொரசொரவென்று இரைச்சல். அந்த மணலின் ஏற்ற இறக்கம் அன்றைக்கு 22 மைக்ரோஜான்ஸ்கி. ஜான்ஸ்கி என்பது ரேடியோ பிரகாசத்தின் அலகு, மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நிலவில் ஒரு மொபைல் போனை வைத்துவிட்டு இங்கிருந்து பார்த்தால், அது இதைவிட லட்சக்கணக்கான மடங்கு பிரகாசமாகத் தெரியும். இவ்வளவு மெல்லிய இடத்தில்தான் தேடுகிறோம். இரைச்சலைப் போல மூன்று மடங்கு, அதாவது 66-ஐத் தாண்டினால்தான் ஏதோ இருக்கிறது என்று வாயைத் திறக்கலாம். வட்டத்துக்குள் கர்சரை வைத்தேன். நடுப் பிக்சலில் 41 என்று வந்தது. 66 இல்லை. நோட்டை எடுத்தேன், "இல்லை" என்று எழுதினேன், கோடு போட்டேன்.

அன்று மாலை என் சீனியருக்குச் செய்தி அனுப்பினேன். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "அக்கா, ஒண்ணும் இல்ல." உடனே பதில் வந்தது. "எப்ப இல்ல? எந்த அதிர்வெண்ல இல்ல? எவ்வளவு வரைக்கும் பாத்து இல்ல?" நான் மூன்றுக்கும் பதில் போட்டேன். "அப்ப அதை மட்டும் எழுதுப்பா" என்றார். எழுதினேன். அட்டவணையில் ஒரு வரிசை, கடைசிக் கட்டத்தில் "66-க்குக் கீழ்". ஆனால் மனசுக்குள் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன். "66-க்குக் கீழ்" என்பது "இல்லை" என்பதைப் படித்தவர்கள் மரியாதையாகச் சொல்கிற விதம், அவ்வளவுதான் என்று.

இன்று அப்படி நினைக்க முடியவில்லை. சாவியைத் தேடிக் கிடைக்காதபோது நாம் "சாவி இல்லை" என்பதில்லை, "சாவியைக் காணோம்" என்கிறோம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் "நாம் காணவில்லை" என்பதுதான் அது. அதன் வாலில் "நாம்" ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இல்லை" என்பது பொருளைப் பற்றிப் பேசுகிறது. "காணோம்" என்பது தேடியவரைப் பற்றியும் பேசுகிறது: எங்கே தேடினாய், எப்போது தேடினாய், எந்த வெளிச்சத்தில் தேடினாய். அக்கா கேட்ட மூன்று கேள்வியும் அதுதான். அதைக் கேட்பதற்கு நம் கையிலேயே ஒரு சொல் இருந்தும் நான் மற்றதை எழுதிவிட்டேன்.

தாமதமாக வரும் வெளிச்சம்

இந்தத் துறையின் கதையே காணோமில்தான் தொடங்கியது. வெடிப்புக்குப் பின்னால் ரேடியோவில் ஒரு மிச்சம் வர வேண்டும் என்று போதான் பச்சின்ஸ்கியும் ஜேம்ஸ் ரோட்ஸும் 1993-லேயே எழுதிவிட்டார்கள். அப்போது யாரும் ஒரு பின்னொளிர்வையும் பார்த்திருக்கவில்லை. வெடிப்புகள் நம் பால்வெளியின் ஓரத்திலா, அண்டத்தின் மறுகோடியிலா என்பதே முடிவாகவில்லை. அன்றைய காமாக் கருவிகள் காட்டிய இடம் பாகைக் கணக்கில் அகலமாக இருக்கும். முழு நிலவின் அகலமே அரை பாகைதான். அவ்வளவு பெரிய வானத்தில் எந்தப் புள்ளி புதுசு என்று தேடி, தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் வந்த பிறகுதான் இடம் துல்லியமாகக் கிடைத்தது. 1997 பிப்ரவரி 28 வெடிப்புக்கு எக்ஸ் கதிரிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் பின்னொளிர்வு கிடைத்தது. முதல் முறை. துறையே துள்ளிக் குதித்தது. ரேடியோவில்? அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 27 ஆன்டெனாக்களை வைத்துப் பார்த்தார்கள். காணோம்.

ஒரு தடவை கிடைக்கவில்லை என்று, அங்கே தேடிய ரேடியோ வானியலாளர் டேல் ஃப்ரெயிலும் கூட்டாளிகளும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். அடுத்த வாய்ப்பு மே 8-ல் வந்தது. உடனே பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ஐந்து நாள் கழித்து 8.46 கிகாஹெர்ட்ஸில் ஒரு புள்ளி எழுந்தது. வரலாற்றில் முதல் ரேடியோ பின்னொளிர்வு அது. அந்தப் புள்ளியின் நடத்தை இன்னும் விசித்திரம். முதல் சில வாரங்கள் ஒரு நாள் ஏறியது, மறுநாள் இறங்கியது, பிடி கொடுக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பின் அந்த ஆட்டம் அடங்கிவிட்டது. விண்மீன் சிமிட்டும், கோள் சிமிட்டாது என்று சின்ன வயதில் படித்திருப்போம். விண்மீன் புள்ளி, கோளுக்கு அகலம் உண்டு, அதனால் அப்படி. இங்கேயும் அதேதான். நம் பால்வெளியில் மிதக்கும் மின்னேற்றமுள்ள வாயு மேகங்கள் ரேடியோ அலையைச் சிமிட்ட வைக்கின்றன. மூலம் சின்னதாக இருக்கும் வரை சிமிட்டும். வளர்ந்து கொஞ்சம் அகலமானதும் நின்றுவிடும். இப்படி நடக்கும் என்று ஜெரமி குட்மன் முன்பே சொல்லியிருந்தார். சிமிட்டல் நின்ற நாளை வைத்து அந்தத் தீப்பந்தின் அளவையே கணக்கிட்டார்கள். குறுக்களவு சுமார் 3 மைக்ரோ வில்நொடி, கிலோமீட்டரில் ஒரு லட்சம் கோடி என்கிற அளவில் வரும். ஒரு மாதத்தில் ஒளி கடக்கும் தூரத்துக்கு ஏறக்குறைய அருகில் இருக்கிறது அது. ஒளியை ஒட்டிய வேகத்தில் எதுவோ விரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி அப்போது கிடையாது. வேறு எந்தத் தொலைநோக்கியாலும் அந்த அளவைப் பிரித்துப் பார்க்க முடியாது. எரிச்சலூட்டுகிற அந்த ஏற்ற இறக்கத்தை யாராவது கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

அந்த ஒரு வெடிப்பை அவர்கள் 450 நாள் பின்தொடர்ந்தார்கள். காமாக் கதிர் சில நொடியில் முடிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் ஒளி முதலில் மங்கியது. ரேடியோ மட்டும் ஒரு வருடத்துக்கு மேலே தாக்குப்பிடித்தது. எனக்கு இந்த அலைவரிசை பிடித்துப்போனதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

மூடிய பந்து

இப்போது என் நோட்டுக்கு வருகிறேன். அந்த வரியை எழுதிப் பல வருடம் கழித்து, புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவருக்குப் பின்னொளிர்வின் நிறமாலையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெடித்த விண்மீனிலிருந்து பாய்ந்த ஜெட், சுற்றியிருக்கும் வாயுவை மோதித் தள்ளுகிறது. மோதும் முகப்பில் எலெக்ட்ரான்கள் வேகமெடுத்து, காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்று அலையை உமிழ்கின்றன. இதுதான் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு. ஆனால் உமிழ்கிற அதே எலெக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண் அலைகளை விழுங்கவும் செய்யும். பந்து சின்னதாக, நெரிசலாக இருக்கும்போது உள்ளே பிறந்த அலை வெளியே வர முடியாது. மேல் தோலில் இருப்பது மட்டும் வரும். வெளியே இருக்கிறவருக்கு அது மூடிய பந்து. மூடியிருக்கும் அதிர்வெண்களில் பிரகாசம் அதிர்வெண்ணின் இருபடியாகக் குறைந்துகொண்டே போகும். அதிர்வெண் பாதியானால் பிரகாசம் கால்.

வாயில் சொன்னால் பதியாது, எண் போட்டுப் பார்க்கலாம் என்றேன். 8.4 கிகாஹெர்ட்ஸில் 1,000 மைக்ரோஜான்ஸ்கி காட்டும் ஒரு பின்னொளிர்வை எடுத்துக்கொள்வோம். அது நல்ல பிரகாசம், சராசரிக்கு மேலே. கீழே வேறு எந்த அதிர்வெண் போடலாம் என்று அவர் கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: 700 மெகாஹெர்ட்ஸ். பன்னிரண்டில் ஒரு பங்கு. பன்னிரண்டின் இருபடி 144. ஆயிரத்தை அதால் வகுத்தார். "ஏழு வருதுண்ணா" என்றார்.

ஏழு மைக்ரோஜான்ஸ்கி. எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நான்காம் நாள், 700 மெகாஹெர்ட்ஸ், இரைச்சல் 22, வரம்பு 66. என் நோட்டின் அந்தப் பக்கம் கண்முன் வந்தது. அன்று அந்த வட்டத்துக்குள் நல்ல பிரகாசமான ஒரு பின்னொளிர்வு இருந்திருந்தாலும் எங்கள் படத்தில் அது ஏழு. மணலில் ஒரு மணல். நான் பார்த்தது, பார்க்கவே முடியாத நேரத்தில், பார்க்கவே முடியாத அதிர்வெண்ணில். அதற்குக் கீழே கோடு இழுத்து "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். வீடு பூட்டியிருக்கும்போது வாசலில் நின்று பார்த்துவிட்டு ஆளே இல்லை என்று சொன்ன மாதிரி.

சரி, எல்லாப் பந்தும் 8.4 வரை மூடியிருக்காது. மூடல் 3 கிகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது என்று வைப்போம் என்றார் அவர். அதுவும் நியாயம்தான். 8.4-லிருந்து 3 வரை சரிவு மெதுவாக இருக்கும், ஆயிரம் 710 ஆகும். அங்கிருந்து 700 மெகாஹெர்ட்ஸ் வரை இருபடிச் சரிவு. விடை 39. என் வட்டத்துக்குள் அன்று நான் படித்த எண் 41.

இந்த இடத்தில் நான் நிதானமாக இருக்க விரும்புகிறேன். 22 இரைச்சலில் 41 என்பது எதையும் நிரூபிக்காது. அதே படத்தில் வெறும் வானத்தில் நூறு இடத்தைத் தொட்டால் மூன்று இடத்திலாவது இப்படி ஒரு எண் வரும். 39 என்பதும் நாங்கள் பயிற்சிக்காக வைத்துக்கொண்ட ஊகத்தில் பிறந்தது, அந்த வெடிப்புக்கென்று அளந்தது அல்ல. இரண்டும் பக்கத்தில் வந்தது தற்செயல். எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்த பிறகும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த 41-ஐ நான் நோட்டில் எழுதக்கூட இல்லை என்பதுதான் உறுத்தியது. நினைவில் இருந்தது, அவ்வளவுதான். அளந்து கையில் கிடைத்த எண்ணை விட்டுவிட்டு, அளக்காத ஒரு முடிவை எழுதியிருந்தேன்.

மறுநாள் கணக்கை நாள்வாரியாக நீட்டிப் பார்த்தேன். மூடிய பந்தின் பிரகாசம் பந்து வளர வளரக் கூடும், ஏனென்றால் தெரிகிற தோலின் பரப்பு கூடுகிறது. சுற்றியிருக்கும் வாயு எங்கும் ஒரே அடர்த்தியாக இருந்தால் நாள் நான்கு மடங்கானால் பிரகாசம் இரண்டு மடங்காகும். இறந்த விண்மீன் தன் வாழ்நாளில் ஊதித் தள்ளிய காற்றுக்குள் ஜெட் பாய்ந்திருந்தால் இன்னும் வேகம், நாள் இரட்டித்தால் பிரகாசமும் இரட்டிக்கும். நிதானமான கணக்கையே எடுத்தேன். நான்காம் நாள் 39 என்றால் ஒன்பதாம் நாள் 58. எங்கள் வரம்பு 66. இரண்டாவது தடவையும் தெரிந்திருக்காது. பதினாறாம் நாள் 78. அறுபதாம் நாள் 150. ஜெட் பக்கவாட்டில் அகலத் தொடங்கினால் இந்த ஏற்றம் நின்றுவிடும், அதனால் அறுபதாம் நாள் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் பதினாறை நம்பலாம். எங்களிடம் மீதி நேரம் இருந்தது. ஒன்பதாம் நாள் முடிந்ததும், "இரண்டு தடவை பார்த்தாயிற்று, இல்லை" என்று நான்தான் அந்த நேரத்தை வேறு வேலைக்குக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள்

பதினாறு என்ற எண் இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு வேறொன்றையும் ஞாபகப்படுத்தும். 2017 ஆகஸ்ட் 17. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்தது, 1.7 நொடி கழித்து ஒரு குட்டிக் காமா வெடிப்பு. 11 மணி நேரத்துக்குள் என்ஜிசி 4993 பால்வெளியில் அதன் ஒளி கிடைத்துவிட்டது. 13 கோடி ஒளியாண்டு தூரம், காமாக் கதிர் வெடிப்புகளின் கணக்கில் பக்கத்து வீடு. உலகத்தில் இருந்த ரேடியோ தொலைநோக்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. புனே அருகே 45 மீட்டர் ஆன்டெனாக்கள் முப்பதைக் கொண்ட ஜிஎம்ஆர்டியும் திரும்பியது. முதல் நாள் காணோம். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள், காணோம். எக்ஸ் கதிர் ஒன்பதாம் நாள்தான் தலைகாட்டியது. ரேடியோ பதினாறாம் நாள்.

அங்கே காரணம் வேறு. ஜெட் நம்மைப் பார்த்துப் பாயாமல் ஒரு இருபது பாகை போலத் தள்ளிப் பாய்ந்திருந்தது. ஒளிவேகத்தை ஒட்டிப் போகும் எதுவும் தன் வெளிச்சத்தை முன்பக்கமாகக் குவித்துவிடும், பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. வாயுவில் மோதி மோதி அது வேகம் குறைந்தபோதுதான் வெளிச்சம் அகன்று நம் பக்கமும் விழுந்தது. அதன் பிறகு ஐந்து மாதம் ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றத்துக்கு என்ன காரணம் என்று பெரிய சண்டையே நடந்தது. ஜெட் உண்மையில் வெளியே வந்ததா, இல்லை உள்ளேயே மூச்சுத்திணறி ஒரு பொதியாக விரிந்ததா? அமெரிக்கா நெடுகப் பரந்திருக்கும் ஆன்டெனாக்களை இணைத்து 75-ஆம் நாளும் 230-ஆம் நாளும் அந்தப் புள்ளியைப் பார்த்தார்கள். 2.7 மில்லி வில்நொடி நகர்ந்திருந்தது. பார்வைக்கு ஒளியைப் போல நான்கு மடங்கு வேகம், நம்மை நோக்கிச் சாய்ந்து வரும் ஜெட்டால் மட்டும் உண்டாகும் தோற்றம் அது. சண்டை முடிந்தது. முதல் பதினைந்து நாளின் காணோம்கள் அந்த ஆய்வுகளில் வீணாகவில்லை. பக்கவாட்டு ஜெட் எந்தக் கோணத்தில் இருக்கக்கூடாது என்று அவைதான் முதலில் சொல்லின. நாளும் அதிர்வெண்ணும் வரம்பும் சேர்த்து எழுதியிருந்ததால் அதைச் செய்ய முடிந்தது. யாராவது "ரேடியோ இல்லை" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்திருக்க முடியாது.

யாருமே தேடாமல் கிடைத்ததும் உண்டு. 1990-களில் எடுத்த ஒரு ரேடியோ வான்படத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி இருக்கிறது. 2017-ல் தொடங்கிய புதிய வான்படத்தில் அந்த இடம் காலி. 28 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு குட்டிப் பால்வெளியில் அது இருந்தது. நம்மைப் பார்க்காமல் வெடித்த ஒரு ஜெட்டின் பின்னொளிர்வு, பல வருடம் மங்கிக்கொண்டே வந்திருக்கலாம் என்று 2018-ல் எழுதினார்கள். பின்னால் ஐரோப்பிய ஆன்டெனாக்களை இணைத்து அளந்தபோது கிடைத்த அளவும் அதோடு ஒத்துப்போனது. காமாக் கதிர் பூமிக்கு வரவே இல்லாததால் இத்தகையவற்றை அனாதைப் பின்னொளிர்வு என்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு ஏனோ பிடிப்பதில்லை. அதைத் தேடி யாரும் போகவில்லை என்பது நம் குறை.

பத்தில் ஏழு

பூனம் சந்திராவும் டேல் ஃப்ரெயிலும் 2012-ல் ஒரு பெரிய கணக்கு எடுத்தார்கள். 1997 முதல் 2011 தொடக்கம் வரை ரேடியோவில் பார்த்த 304 வெடிப்புகள். தெரிந்தவை 95. பத்தில் மூன்று. மீதி ஏழும் எங்கே? கருவிக்கு எட்டவில்லை, இன்னும் ஆழமாகப் பார்த்தால் கிடைக்கும் என்பது ஒரு கட்சி. அடுத்த ஆண்டே பால் ஹான்காக்கும் கூட்டாளிகளும் வேறொன்று செய்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாத பழைய டேட்டாவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடுக்க அடுக்க இரைச்சல் அடங்கும், ஒளிந்திருப்பது மேலே வரும். வந்தது, ஆனால் தெரிந்தவற்றைவிட ரொம்பவே மங்கலாக. எட்டாமை மட்டும் காரணம் இல்லை, ரேடியோவில் பிரகாசமானது, மங்கலானது என்று இரண்டு வகை வெடிப்புகளே இருக்கின்றன என்பது அவர்கள் முடிவு. ரேடியோவில் தெரிகிற வெடிப்புகளின் காமாப் பொழிவு நீண்டதாக இருக்கிறது என்று நிக்கோல் லாய்ட் ரோனிங்கும் கிறிஸ் ஃப்ரையரும் 2017-ல் காட்டியதும் அந்தப் பக்கமே சாய்கிறது.

எனக்கு அந்த வாதம் வலுவாகவே படுகிறது. ஆனால் அது பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணின் கதை, பந்து சீக்கிரம் திறந்துகொள்ளும் இடத்தின் கதை. குறைந்த அதிர்வெண்ணில், முதல் பத்து நாளுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போன எங்களைப் போன்றவர்களின் காணோம்களை அந்த மங்கல் வகையில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடாது. எங்களுடையது வேறு காணோம். இரண்டையும் ஒரே அட்டவணையில், "இதற்குக் கீழ்" என்று காட்டும் ஒரே அம்புக்குறியோடு போடுவதை நான் இப்போது எதிர்க்கிறேன். கூட்டத்தில் சொன்னால் சிலருக்குச் சலிப்பாக இருக்கிறது. இருக்கட்டும்.

அடுக்கிப் பார்த்தவர்களின் வேலையில் எனக்கு உறைத்தது இன்னொன்றும் உண்டு. அவர்களுக்கு வெறும் வரம்பு போதாது, மூல டேட்டா வேண்டியிருந்தது. "66-க்குக் கீழ்" என்பதை அடுக்க முடியாது. 41-ஐ அடுக்கலாம். கழித்தல் எண் வந்திருந்தால் அதையும் அடுக்கலாம். இடம் போதவில்லை என்று நான் என் கணினியிலிருந்து அந்தப் படங்களை அழித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நல்லவேளையாக மூல டேட்டா ஆவணக் காப்பகத்தில் இருந்தது. அதை எடுத்து, அந்தக் காலத்தில் நான் பார்த்துக் கோடு போட்ட ஆறு வெடிப்புகளுக்கும் குப்பை பொறுக்கும் வேலையை முதலிலிருந்து செய்தேன். மாலை நேரங்களில் செய்ததால் மூன்று மாதம் ஆனது. புதுக் கருவிகள் வந்திருந்ததால் இரைச்சல் கொஞ்சம் இறங்கியது. ஆறு வட்டத்தின் நடுப் பிக்சலையும் குறியோடு எழுதினேன். ஐந்து கூட்டல், ஒன்று கழித்தல். அடுக்கிப் பார்த்தேன். கூட்டல் பக்கம் சாய்ந்தது, மூன்று மடங்கைத் தொடவில்லை. காணோம்.

அந்தப் பழைய வெடிப்பை இன்று போய்ப் பார்க்க முடியாது. அந்த அலைகள் பூமியைத் தாண்டிப் போய்விட்டன. பதினாறாம் நாள் எந்த ஆன்டெனாவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அதனால் பதினாறாம் நாளுக்கு எண் கிடையாது, எப்போதும் கிடையாது. என்னால் செய்ய முடிந்தது நோட்டைத் திருத்துவது. கோட்டை அழிக்கவில்லை, அது இருக்கட்டும். "இல்லை" என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: "66-க்கு மேல் காணோம். நடுப் பிக்சல் +41, இரைச்சல் 22. மூடியிருந்திருக்கலாம்."

இப்போது எங்கள் குழுவின் பதிவேட்டில் நடுப் பிக்சலுக்கென்று ஒரு பத்தி இருக்கிறது, குறியோடு எழுத வேண்டும். அவசர நேரம் கேட்கும்போதே நான்கு, பதினாறு, நாற்பது, தொண்ணூறு என்று நாள் பிரித்துக் கேட்கிறோம். சில சமயம் பாதிதான் தருகிறார்கள். அப்படியென்றால் நான்காம் நாளை விட்டுக்கொடுக்கிறோம். ஏழு என்று வகுத்துச் சொன்ன அந்த மாணவிதான் இப்போது இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறார். அண்மையில் ஒரு வெடிப்பு வந்தது. நான்காம் நாள் படத்தை நேற்று எனக்கு அனுப்பியிருந்தார். வட்டத்துக்குள் கர்சரை வைத்துப் பார்த்தேன். –11. கீழே அவருடைய குறிப்பு: "காணோம்ணா. அடுத்தது வெள்ளிக்கிழமை ராத்திரி, பதினாறாம் நாள்."